மரமேறும் பரணுக்குக் கால் பட்டி மாற்றிக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டியில் வழக்கம்போல் சொக்கிலேற், சவர்க்காரம், போட்டுக் கழித்த குளிர்ச்சட்டைகள். அவற்றுக்கு அடியில் அலுமினியச் சட்டங்கள் இரண்டு. "இதென்னடா, கதிரையோ கட்டிலோ?" என்று அம்மா கேட்டா. அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தோடு பூட்டி, அதிலேயே கொஞ்சங் கொஞ்சமாக ஏறி, உச்சியில் அதையே இருக்கையாக்கிக் காத்திருக்கும் பரண் அது. மச்சான் புதிது வாங்கிவிட்டார். பழையது இலங்கையில், வன்னியின் வவுனிக்குளத்துப் பக்கம் வந்து சேர்ந்தது.

நான் இதை வேட்டைக்குப் பாவிப்பதில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே இருக்கிறது. மானிலும் மரையிலும் கைவைத்தால் மறியல்தான். எனக்கு வேண்டியது கச்சான் விளையும் நாட்களில் பன்றியைக் காண ஓர் உயரம். நிலத்தில் நின்று ரோச் அடித்தால் பன்றிக்கு முன்னே பற்றைதான் தெரியும். 15 அடி மேலே இருந்தால் முழுத் தோட்டமும் கையில் இருக்கும்.

இந்தப் பரண்களில் முதலில் பழுதாவது கால் பட்டி. சட்டம் பல வருடம் உழைக்கும், இரும்புக் கம்பி வடமும் உழைக்கும், கால் பட்டி மட்டும் நம் வெயிலுக்கு இரண்டு போகம் தாங்காது. அதை மாற்றிக் கட்டுவதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து பரண் வந்து வீட்டு மூலையில் கிடக்கிறவர்கள் வன்னியில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரியும்.

கால் பட்டி என்ன வேலை செய்கிறது?

பரண் இரண்டு துண்டு. மேல் துண்டில் இருக்கிறோம், கீழ்த் துண்டில் நிற்கிறோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வடம் புறப்பட்டு மரத்தைச் சுற்றி வந்து மறுபக்கம் பூட்டிக்கொள்கிறது. சட்டத்தின் வெளி விளிம்பில் பாரம் விழுந்தால் அது கீழே சாயும்; சாய்ந்ததும் முன்பக்கப் பல் மரப்பட்டையில் குத்தும், பின்பக்க வடம் இறுகும். வெளி விளிம்பை மேலே தூக்கினால் பிடி விட்டுவிடும். ஏறுவது இப்படித்தான்: மேல் துண்டில் இருந்துகொண்டு கால்களால் கீழ்த் துண்டைத் தூக்கி, உயர்த்தி, மிதித்து இறுக்குவோம். பிறகு எழுந்து நின்று மேல் துண்டைக் கையால் உயர்த்துவோம். மறுபடி இருப்போம். கம்பளிப்பூச்சி ஊர்வதைப் பார்த்திருந்தால் விளக்கம் தேவையில்லை.

கீழ்த் துண்டைத் தூக்குவது கால். காலையும் சட்டத்தையும் சேர்த்து வைப்பது பட்டி. புறங்காலுக்கு மேலால் ஒரு வளையம், குதிக்காலுக்குப் பின்னால் ஒரு றப்பர். அவ்வளவுதான்.

இதில் ஒரு கணக்கைப் பலர் பிழையாகப் போடுகிறார்கள். என் பரண் முழுதும் 9 கிலோ அளவில். கீழ்த் துண்டு மட்டும் நாலைந்து கிலோ. பட்டி தூக்கும் பாரம் அதுதான், உங்கள் உடம்பு அல்ல. ஆகவே யானையைக் கட்டும் பட்டி தேவையில்லை. நழுவாமல், நீளாமல், இருட்டில் கால் நுழையும்படி, வேண்டியபோது கழலும்படி இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நானும் கவனிக்காமல் விட்டேன்.

மார்கழி மாத இரவு அது. மழை விட்டிருந்தது. 12 அடி ஏறியிருப்பேன், கால்களைத் தூக்கினேன், வலது குதிக்கால் றப்பர் "டப்" என்று அறுந்தது. இடது காலும் வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. கீழ்த் துண்டு மரத்தை உராய்ந்துகொண்டு போய் அடியில் விழுந்த சத்தம் கேட்டது. இடுப்பிலும் தோளிலும் மாட்டிய பாதுகாப்புப் பட்டி மரத்தோடு இருந்ததால் நான் விழவில்லை. ஆனால் கீழ்த் துண்டு இல்லாமல் இறங்கவும் வழியில்லை. மேலையும் கீழையும் இணைக்க ஒரு கயிறு வந்திருந்தது. அதைப் பொதி கட்டிய கயிறு என்று நினைத்து ஆட்டுக்குட்டிக்குக் கட்டியிருந்தேன். போன் கீழே பையில். கத்தினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணை நான் பன்றி கலைக்கிறேன் என்று நினைத்து, ஒத்தாசைக்கு அவரும் அங்கிருந்து கூக்காட்டினார். விடிந்து தம்பி ஏணி கொண்டுவரும்வரை நுளம்போடு இருந்தேன்.

அடுத்த வாரம் பெரியப்பா வந்து பார்த்தார். அவர் முப்பது வருடத்துக்கு மேல் பனை ஏறியவர். றப்பர்த் துண்டைக் கையில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "தளைநார் காலைக் கட்டி வைக்கிறேல்லை, தம்பி. கால அகட்டினா இறுகும். சேர்த்தா கழண்டு விழும். உது ரெண்டும் செய்யாது" என்றார்.

தளைநார் என்பது பனை ஏறுகிறவர்கள் இரண்டு பாதத்துக்கும் இடையில் மாட்டும் நார் வளையம். முடிச்சும் இல்லை, பக்கிளும் இல்லை. கால் விரியும் விசையே அதை இறுக்குகிறது. பரணின் கால் பட்டி வேறு சாதனம்தான், அது பாதத்தைச் சட்டத்தோடு சேர்க்கிறது. ஆனாலும் அவர் சொன்னதையே நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்: தூக்கும்போது பிடிக்க வேண்டும், நான் விட நினைத்தால் விட வேண்டும். இணையத்தில் இறுக்கி முறுக்கும் பக்கிள் போட்ட பட்டிகளை ஆகா ஓகோ என்று காட்டுகிறார்கள். அவை பிடிக்கும். விடாது. சட்டம் சரிந்து நீங்கள் பாதுகாப்புப் பட்டியில் தொங்கும் நேரத்தில் இரண்டு காலும் ஓர் அலுமினியச் சட்டத்தோடு பூட்டுண்டு கிடப்பதை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள்

பட்டி வாங்கக் கடைக்கு ஓடமுன் பரணை முற்றத்தில் வெயிலில் வைத்து ஒவ்வொரு பொருத்தாகப் பாருங்கள். அலுமினிய ஒட்டு வேலையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்தப் பரணை மறந்துவிடுங்கள். ஊர் வெல்டிங் கடையில் அலுமினியத்தை ஒட்டித் தருவேன் என்பார்கள். கதவுக்கு அது போதும், 15 அடி உயரத்துக்குப் போதாது. வடத்தின் மேலுறை கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலும் அப்படித்தான். வடத்துக்கு ஊர் மாற்று தேடக்கூடாது. நாம் மாற்றப்போவது கால் பட்டியை மட்டும்.

இன்னொன்று: சட்டத்தில் புதிதாகத் துளை போடாதீர்கள். பட்டி கோக்க ஏற்கெனவே நீள்துளைகள் இருக்கும், அல்லது குறுக்குக் கம்பி இருக்கும். அவற்றையே பாவியுங்கள். அந்தத் துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். என்னுடையதில் உட்புறம் பிளேட் மாதிரி இருந்தது. பழைய பட்டி அறுந்தது வெயிலால் மட்டுமல்ல என்று அப்போதுதான் விளங்கியது. அரத்தால் நாலு இழுப்பு, பிறகு மணல்தாளால் ஒரு தேய்ப்பு, சரி.

பட்டித் துணி எது?

கடையில் எல்லாவற்றையும் "நைலோன்" என்றுதான் தருவார்கள். அதில் பாதி பொலிபுரோப்பிலீன். வெயில் பட்டால் முதலில் பொடிந்துபோவது அதுதான். கண்டுபிடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒரு துண்டை வெட்டி உள்ளே போட்டு, விரலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி விடுங்கள். மிதந்தால் பொலிபுரோப்பிலீன். தாழ்ந்தால் நைலோன் அல்லது பொலியெஸ்ரர்.

அந்த இரண்டில் எனக்குப் பிடித்தது பொலியெஸ்ரர். நைலோன் தண்ணீர் குடிக்கும், குடித்தால் நீளும். மாலையில் இறுக்கிக் கட்டிய பட்டி காலபோகத்து மழையில் நனைந்து நடுச்சாமத்தில் தொளதொள என்று கிடக்கும். பொலியெஸ்ரர் அவ்வளவு தண்ணீர் பிடிக்காது. வாகனங்களின் சீற் பெல்ற் பெரும்பாலும் பொலியெஸ்ரர்தான். உடைத்து விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பின் இருக்கைப் பெல்ற்றைக் கேளுங்கள், அது அதிகம் வெயில் பட்டிருக்காது, அதிகம் பாவித்தும் இருக்காது. நிறம் வெளிறியது, ஓரம் பஞ்சு கிளம்பியது வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சீற் பெல்ற் கால் பட்டிக்கு மட்டும். அதிலே இடுப்புக்கும் தோளுக்கும் பாதுகாப்புப் பட்டி தைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் அவரை முதலில் ஏறச் சொல்லுங்கள்.

இரண்டு காலுக்கும் 3 மீற்றர் எடுத்தால் பிழை விட்டாலும் மிச்சம் இருக்கும். அத்தோடு ஓர் அங்குல உள்விட்டமுள்ள தண்ணீர்க் குழாயில் அரை மீற்றர், மோட்டார் சைக்கிள் ரியூப் ஒன்று, தடித்த பொலியெஸ்ரர் நூல், இரும்பு வளையம் நாலு, கொளுக்கி இரண்டு. வளையமும் கொளுக்கியும் பழைய பைகளில் கழற்றினாலே போதும்.

காலை அளப்பது

எதைப் போட்டுக்கொண்டு ஏறுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். பாட்டாவோடு ஏறுவது பற்றி நான் பேசப்போவதில்லை. வெறுங்காலும் இதற்குச் சரிவராது, பனைக்குச் சரி, இதற்கு இல்லை. சட்டத்தின் கம்பி உள்ளங்காலை அறுக்கும். குதி உள்ள கன்வஸ் சப்பாத்து நல்லது. சேற்றுக்குப் போடும் நீண்ட றப்பர்ச் சப்பாத்தில் ஒரு வில்லங்கம் உண்டு: பட்டி சப்பாத்தைப் பிடிக்கும், சப்பாத்து காலைப் பிடிக்காது. கால் மட்டும் மேலே வரும்.

சட்டத்தின் மேல் நின்று, கால் எங்கே இயல்பாக விழுகிறதோ அங்கே சோக்கட்டியால் சுற்றி வரையுங்கள். விரல்கள் மரத்தைப் பார்த்திருக்கும், குதி வெளிப்பக்கம். இரண்டு காலுக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். இனி ஒரு நூலை ஒரு பக்கத் துளையிலிருந்து புறங்காலுக்கு மேலால் மறுபக்கத் துளைக்குப் பிடியுங்கள். நூல் எங்கே படவேண்டும் என்பதில்தான் விசயம். விரலடியில் பட்டால் தூக்கும்போது பாதம் பின்னுக்கு நழுவும். கணுக்காலை ஒட்டிப் பட்டால் நரம்பை அமுக்கி அரை மணியில் கால் விறைக்கும். இரண்டுக்கும் நடுவில், சப்பாத்துக் கயிறு முடிகிற இடத்தில், புறங்கால் மேடாக எழும்பும் இடம் இருக்கிறது. அதுதான் இடம். தளைநாரும் விரலில் நிற்பதில்லை, பாதத்தின் வளைவில்தான் கிடக்கும்.

எனக்கு நூல் 27 சென்ரிமீற்றர் வந்தது. அதற்கு மேல் 4 சென்ரிமீற்றர் தளர்வு, மடித்துத் தைக்க ஒவ்வொரு முனையிலும் 12. ஒரு காலுக்கு 55. உங்கள் கால் உங்களுக்கு.

வளையம் செய்வது

வெட்டும் முனைகளை உடனே சுட்டுவிடுங்கள். மெழுகுதிரி புகை பிடிக்கும். பழைய கத்தியை அடுப்பில் காய்ச்சி அதாலேயே வெட்டினால் வெட்டும் ஒட்டும் ஒன்றாக முடியும். புகையை முகர வேண்டாம்.

சீற் பெல்ற் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அகலம். அதை நீளவாக்கில் பாதியாக மடித்தால் அந்த ஓர் அங்குலக் குழாய்க்குள் போகும். குழாயில் 20 சென்ரிமீற்றர் வெட்டி, மடித்த பட்டியை உள்ளே இழுங்கள். போகாது. சவர்க்காரத் தண்ணீர் விட்டால் போகும். இந்தக் குழாய்த் துண்டுதான் முழு வேலையிலும் என் பெருமைக்குரிய இடம். வெறும் பட்டி என்றால் கால் எடுத்ததும் சட்டத்தோடு சப்பையாகப் படுத்துவிடும். திரும்பக் கால் வைக்க ஒவ்வொரு தடவையும் குனிந்து விரலால் நிமிர்த்த வேண்டும். 12 அடியில் குனிவது நல்ல பழக்கமில்லை. குழாய் உள்ளே இருந்தால் வளையம் கோவில் வாசல் தோரணம் மாதிரி நிமிர்ந்தே நிற்கும். பார்க்காமலே கால் போகும், பார்க்காமலே வரும். புறங்காலையும் அறுக்காது.

பட்டியின் முனையை நீள்துளையில் மேலிருந்து கீழே விட்டு, கீழால் மடித்து, மறுபடி தன்மேல் கொண்டுவந்து தைக்கவேண்டும். துளை விளிம்பில் படும் இடத்துக்கு ரியூபில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி உறையாகப் போட்டுவிடுங்கள். வீட்டுத் தையல் மெசினில் இது ஓடாது, ஊசி முறியும். மல்லாவி, மாங்குளம், எங்கு போனாலும் சப்பாத்துத் தைக்கிறவர் ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுங்கள். நாற்சதுரம் தைத்து, அதன் நடுவே மூலைக்கு மூலை பெருக்கல் அடையாளம் போடச் சொல்லுங்கள். பஞ்சு நூல் வேண்டாம், மழையில் உக்கிப்போகும். நான் போனபோது அவர் பட்டியைப் பார்த்து, "எந்தச் சப்பாத்துக்கு இது?" என்றார். மரத்துக்கு என்றேன். ஒன்றும் பேசாமல் தைத்துத் தந்தார்.

ஒரு பக்கத்தைத் தைத்துவிட்டு மறுபக்கத்தை இரட்டைக் கம்பி பக்கிளில் கோத்தால் பின்னர் கூட்டிக் குறைக்கலாம். பக்கிள் வெளிப்பக்கம் வரட்டும். வால் 8 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. வந்த வழியே ஒருதரம் திருப்பிக் கோத்துவிட்டால் நழுவாது. முறுக்கி இறுக்கும் வகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அமுக்கிக் கழற்றும் பிளாஸ்ரிக் வகையும் எனக்கு ஒத்துவரவில்லை, மணல் புகுந்து பல் பிடிக்காமல் போயிற்று.

குதிக்கால் றப்பர்

இதுதான் என்னை மரத்தில் வைத்த றப்பர், ஆகவே கொஞ்சம் விரிவாக.

கால் மேலே போகும்போது சட்டத்தின் வெளி விளிம்பையும் கூடவே தூக்குவது குதிதான். குதி பின்னுக்கு நழுவினால் விளிம்பு கீழே தொங்கும், பல் விடாது, நீங்கள் காலை உதறுவீர்கள், உதறும்போதுதான் எல்லாம் கழலும். எனவே றப்பர் வேண்டும். ஆனால் அது இழுபடவும் வேண்டும். பட்டித் துணியாலேயே பின்பக்கத்தையும் கட்டிவிட்டால் கால் பெட்டிக்குள் போட்ட மாதிரி, வெளியே வர வழியில்லை.

மோட்டார் சைக்கிள் ரியூபை 3 சென்ரிமீற்றர் அகல நாடாவாக நீளவாக்கில் வெட்டுங்கள். வெட்டு நேராக இருக்கவேண்டும். கத்தரி நின்ற இடத்தில் சிறு பிசிறு விட்டால் அங்கிருந்துதான் கிழியும். சைக்கிள் ரியூப் மெல்லிசு. ட்ராக்ரர் ரியூப் அடங்காது. நாடாவின் இரு முனையிலும் இரும்பு வளையம் கோத்து, மடித்து, நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். றப்பரில் ஊசி போடாதீர்கள், ஊசித்துளை முத்திரைத் துளை மாதிரி, அந்த வரியிலேயே கிழியும். உள்பக்க முனை நிரந்தரமாகச் சட்டத்தோடு. வெளிப்பக்க முனையைக் கொளுக்கியால் கொளுவ வேண்டும். கொளுக்கியில் ஒரு விரல் நீளப் பட்டித் துண்டைத் தொங்கவிட்டு நுனியில் முடிச்சுப் போடுங்கள். இருட்டில் கை அந்த முடிச்சைத் தேடிப் போகும்.

இறுக்கம் எவ்வளவு? நின்றுகொண்டு, கை படாமல், குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பிக் காலைப் பின்னால் இழுங்கள். ஒரே அசைவில் வெளியே வரவேண்டும். வரவில்லை என்றால் றப்பர் இறுக்கம். இனி நேராகக் காலைத் தூக்கிச் சட்டத்தை உலுக்குங்கள். கழலக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகும் அளவு ஒன்று உண்டு, அதைத் தேட எனக்கு அரை நாள் போயிற்று. ஒரு சென்ரிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். அந்த அளவு கிடைத்ததும் பேனையால் றப்பரில் கோடு போட்டுவிடுங்கள்.

இணைப்புக் கயிறு

ஆட்டுக்குட்டி என்று சிரித்தீர்கள்தானே. கால் பட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் கயிறு இணைக்காமல் நிலத்தை விட்டுக் கால் எடுக்க வேண்டாம். நீளத்துக்கு அளவு இதுதான்: மேல் துண்டை முழுக்கையளவு உயர்த்த இடம் தரவேண்டும். அதே நேரம் கீழ்த் துண்டு நழுவித் தொங்கினால், மேலே இருந்தபடியே கால் அதை எட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட்டால் சட்டம் ஒருபக்கம் சரியாது.

கட்டியாயிற்று, இனி சோதனை

மரத்தில் ஓர் அடி உயரத்தில் பரணைப் பூட்டி, அங்கேயே இருபது தடவை கீழ்த் துண்டைத் தூக்கி இறக்குங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை. பிறகு பட்டிகளை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, சொட்டச் சொட்ட இன்னும் பத்து. நனைந்த பிறகு வளையம் தளர்ந்ததா, பக்கிள் நழுவியதா என்று பாருங்கள். பிள்ளைகள் கூடிநின்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுத்த நாள் 6 அடி. அதற்கடுத்த நாள்தான் உயரம்.

முதல் அடியிலிருந்தே, அந்த ஓர் அடியிலும்கூட, முழு உடம்புப் பாதுகாப்புப் பட்டி போட்டு அதன் கயிறு மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். இதை ஊரில் தைக்க முடியாது, வாங்கத்தான் வேண்டும். மரத்தைச் சுற்றிய கயிறு தலைக்கு மேலே இருக்கட்டும், ஏற ஏற அதையும் உயர்த்துங்கள். விழுந்தால் தொங்கும் தூரம் குறையும். தொங்க நேர்ந்தால் அசையாமல் தொங்கக்கூடாது. தொடைப் பட்டி இறுகி இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். சட்டைப் பையில் ஒரு கயிற்று வளையம் வைத்திருங்கள், பட்டியில் மாட்டி அதில் கால் ஊன்றி நிற்கலாம். ரோச், வெடி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்பவை. போனை மட்டும் பொத்தான் போட்ட பையில் உடம்போடு வைத்திருங்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த மரம்?

கிளையில்லாத, நேரான, பச்சை மரம் வேண்டும். பரண் எத்தனை தடிப்புவரை பிடிக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். என்னுடையது வேலியோரத் தேக்கு, நெஞ்சுயரத்தில் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடிய விட்டம். தேக்கு மேலே போகப் போக மெலியும். அதனால் அடியில் பூட்டும்போதே சட்டத்தின் வெளி விளிம்பைச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும், உச்சியில் அது சமமாக வந்து நிற்கும். அடியில் சமமாகப் பூட்டினால் மேலே சாய்வான கூரையில் இருக்கவேண்டி வரும்.

மருதின் பட்டை தகடு தகடாக உரியும், பல்லுக்குப் பிடி இல்லை. பாலை நேராகக் கிடைப்பது அரிது. பனையில் ஏற்றிப் பார்த்தேன்: வெளி வைரத்தில் பல் இறங்கவில்லை, மழை ஈரத்தில் வழுக்கியது. பனையைப் பெரியப்பாவுக்கும் தளைநாருக்கும் விட்டுவிட்டேன்.

வன்னிப் பகுதியில் நிற்கும் மரம் என்றால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். பட்டையில் பொருந்தாத வீக்கமோ மூடிய தழும்போ இருந்தால் கையால் தடவுங்கள். போர்க்காலத்து எறிகணைத் துண்டு உள்ளே இருக்கலாம். 2009க்கு முன் காயப்பட்ட மரம் வெளியே ஆறியிருக்கும், உள்ளே உளுத்திருக்கலாம். கத்திப் பிடியால் தட்டினால் சத்தம் சொல்லும். காட்டோர மரத்துக்குப் போகும் பாதை பழகிய பாதையா என்பதையும் பாருங்கள். மிதிவெடிப் பலகையைத் தாண்டி நல்ல மரம் நிற்கிறது என்று போகவேண்டாம். மிருகம் தட்டினால் வெடிக்கும்படி கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மரத்தில் ஆளுயரத்துக்கு மேல் காய்ந்த சேறு அப்பியிருந்தால் அது யானை முதுகு தேய்த்த மரம். விடுங்கள். யானை வரும் எல்லைக்கு இந்தப் பரண் ஆகாது; ஓர் அடித் தடிப்புத் தேக்கு அதற்கு ஒரு தள்ளு. அங்கே நம் ஆட்கள் பெருமரக் கவட்டில் கம்பு வரிந்து கட்டும் பழைய பரண்தான் சரி.

பாதுகாப்பது

இறங்கியதும் நான் பட்டிகளைக் கழற்றமாட்டேன், முழுப் பரணையும் வீட்டுக்குள் எடுத்துப் போவேன். மரத்திலேயே விட்டால் வெயில் தின்னும், அணில் வேர்வை உப்புக்குக் கடிக்கும், குழாய்க்குள் எறும்பு குடிவைக்கும். ஒருநாள் இரவு முசுறு இருக்கும் வளையத்துக்குள் காலை விட்ட அனுபவம் போதும். ட்ராக்ரர் கொட்டிலில் வைக்கவேண்டாம், அங்கே பற்றரி இருக்கும். நைலோன் பட்டி என்றால் பற்றரி அசிட் தின்றுவிடும். துணியில் அடையாளமே தெரியாது, இழுத்தால் பிய்ந்து வரும். களைகொல்லிப் போத்தலுக்குப் பக்கத்திலும் வேண்டாம். சேறு பட்டால் வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். மண் உள்ளே இருந்தால் அது அரம் மாதிரி நூலை அறுக்கும்.

றப்பரை ஒவ்வொரு போகமும் மாற்றுகிறேன், நன்றாக இருந்தாலும். மடித்துப் பார்த்து மேலே சிறு சிறு வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே. ரியூப் ஒன்றில் எட்டுப் பத்து நாடா வரும், ஆகவே கஞ்சத்தனத்துக்கு நியாயமில்லை. பட்டித் துணியைத் தையல் பிரியும்போதோ நிறம் போகும்போதோ மாற்றினால் போதும். மாற்றிய மாதத்தைப் பேனையால் றப்பரின் உட்பக்கம் எழுதிவைக்கிறேன். இப்போது கிடப்பதில் ஐப்பசி என்று இருக்கிறது. மச்சானுக்குப் படம் அனுப்பினேன். புதுப் பரணின் கால் பட்டி தனக்கும் சரிவரவில்லையாம், இரண்டு சோடி தைத்து அனுப்பட்டாம். சப்பாத்துத் தைக்கிறவரிடம் நாளைக்குத்தான் போகவேண்டும், மச்சானின் கால் அளவு இன்னும் வரவில்லை.